பதினெட்டு லட்சம்

டப்பாவை அவர் கொண்டுவரவில்லை,
நாகவேணிதான் கொண்டுவந்தாள்.

போன வாரம் எங்கள் லேப் கழிப்பறையில்
முக்கால் மணிநேரம் நின்றுவிட்டு
வேர்த்து, வெறுங்கையோடு வெளியே வந்த மனிதர்.
தாழ்ப்பாள் சரியில்லை. யாரோ இரண்டு தரம் தட்டினார்கள்.
சர்க்கரை டெஸ்டுக்கு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து
அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் இன்று காவேரிப்பட்டணம், அக்கா வீடு.
அக்காவிடம் என்ன சொன்னார்களோ.
சூடு ஆறக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.
அவள் அதை நிப்பட்டுக் கடைக் கவரில் சுற்றி
புடவைக்குள், தொப்புளுக்குப் பக்கத்தில் செருகி
ஒரு கையால் பிடித்தபடி கிருஷ்ணகிரி வரை பஸ்ஸில் வந்திருக்கிறாள்.
ஒருவர் எழுந்து இடம் கொடுத்தாராம்,
'மாசமா இருக்கிற பொண்ணு, உட்காரும்மா' என்று.
"உட்கார்ந்துட்டேன் மேடம்."
சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

இளகுவதற்கு அரைமணி.
அதற்குள் அவள் ஃபைலைப் புரட்டினேன்.
ஏழு வருஷம். தைராய்டு, ஸ்கேன்,
குழாயில் மருந்து விட்டு எடுத்த படம்,
ஓசூரில் ஒருமுறை, சேலத்தில் இருமுறை,
தருமபுரியில் யாரோ எழுதிய லேகியச் சீட்டு.
எல்லாவற்றின் தலையிலும் அவள் பெயர்.
முனிரத்தினம் என்பது
'கணவர்' என்ற கோட்டின் மேல் மட்டும்.

சொட்டு வைத்து, கண்ணாடி மூடி, குனிந்தேன்.
பெயரை மறந்துவிட்டுத்தான் எண்ணுவேன்.
முதல் கட்டம் காலி.
இரண்டாவதில் ஒன்று, நேராக ஓடுகிறது,
ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டவனைப் போல.
நின்ற இடத்திலேயே தலையாட்டும் இன்னொன்று.
வாலில்லாதது. இரண்டு தலை ஒட்டியது.
சும்மா கிடப்பவை.
கட்டைவிரலடியில் எண்ணும் கருவி
டிக் என்று சொல்ல வெகுநேரம் காத்திருந்தது.
இன்னொரு சொட்டு எடுத்து மறுபடி எண்ணினேன்.
அதே.

மில்லிக்குப் பதினெட்டு லட்சம்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.
"பதினெட்டு லட்சமா! அவ்ளோ இருக்குதா மேடம்?"
மாங்கூழ் கம்பெனியில் பாய்லர் முன்னால் நிற்பவர்.
லட்சத்தை லோன் பேப்பரில் மட்டும் பார்த்திருப்பார்.
நாகவேணி ரிப்போர்ட் படிக்கப் பழகியவள்.
வலப்பக்கத்தில் அச்சிட்ட அளவின் மேல்
விரலை வைத்தாள்: ஒன்றரைக் கோடிக்குக் குறையாமல்.
"கோடியிலயா கேக்கறாங்க" என்றார்,
கடன் கேட்டு வந்த இடத்தில் பேசுகிற குரலில்.

படிவத்தை நான்தான் நிரப்ப வேண்டும்.
பாய்லர் எத்தனை மணிநேரம்? பன்னிரண்டு.
புகையிலை? விட்டாச்சு. (சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார்.)
தக்காளிக்கு மருந்து அடிப்பீர்களா?
சீசன் இல்லாதப்ப. மூக்குக்குத் துண்டு கட்டிக்குவேன்.
விரையில் நரம்பு புடைப்பு? இல்லை.
பொன்னுக்கு வீங்கி?

பதில் வரவில்லை. ஃபேன் சுற்றியது.

பத்தாவது படிக்கும்போது வந்தது.
வேப்பிலை அரைத்துப் பூசினார்கள்.
கழுத்தில் பொன் போடணும், வீட்டில் ஏது பொன்?
எதிர்வீட்டு மளிகைக்காரம்மா ஒரு சங்கிலியை
நாலு நாள் இரவல் கொடுத்தது.
கன்னம் வடிந்ததும் திருப்பிக் கொடுத்தாச்சு.
அப்புறம்தான் கீழே வீங்கியது.
"அத யார்கிட்ட மேடம் சொல்றது?"
அரையாண்டுப் பரீட்சை முழுக்கக்
காலை அகட்டி உட்கார்ந்து எழுதினாராம்.
கணக்கில் முப்பத்தெட்டு.

நாகவேணி இதை இன்றுதான் கேட்கிறாள்.
ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
அதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது.
சூடாக இருக்கலாம், மருந்தாக இருக்கலாம்,
எதுவுமே இல்லாமலும் சிலருக்கு இப்படி.
டாக்டர் வியாழக்கிழமை வருவார்.
மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ண வேண்டும்,
அதுவரை பாய்லர் பக்கம் போகாமல் இருந்தால் நல்லது.
சீசன் முடிய இன்னும் நாற்பது நாள் இருக்கே என்றார்.

எழுந்தார்கள்.
காலிக் கவரை அவள் நான்காக மடித்தாள்.
"அடுத்த தபா நானே கொண்டாறேன்" என்றார், தரையைப் பார்த்து.

"வேணாம்.
உனக்கு யாரு எந்திரிச்சி எடம் குடுப்பாங்க."